பழுது பார்ப்பதும் பெருமையே

1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் கம்ப்யூட்டர்கள் முடங்கிவிடாமல் காத்தவர்கள் மத்திய அரசின் சி.எம்.சி. நிறுவனத்துப் பராமரிப்பு ஊழியர்களே. செய்தவன் போனாலும் பழுது பார்ப்பவன் இருந்தால் வேலை நிற்காது.

பட்டம் இல்லையே என்று அல்வால் தமிழ் இளைஞர்கள் இத்தொழிலுக்குத் தயங்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. பாடப்பிரிவுகளில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. ‘வேலை உறுதி’ என்னும் விளம்பரத்தை நம்பிப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தலாகாது. தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான். ஆனால் பாகங்களைக் கழற்றி மாட்டுவது பாதி வேலை. பதறி நிற்பவரிடம் பொறுமையாகக் கேட்டறிவது மறுபாதி. தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. அந்த மூலதனத்தை வீணாக்கலாகாது.