கர்ப்ப காலத்தில் யோகப் பயிற்சி: எச்சரிக்கையே முதற் பாடம்

ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜூன் 21ஆம் நாளைச் சர்வதேச யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் நம் நாட்டின் பள்ளி மைதானங்களிலும், அலுவலக முற்றங்களிலும், கிராமப் பொதுவிடங்களிலும் கூட்டுப் பயிற்சி நடைபெற்று வருகிறது. பல இடங்களில் இதனை முன்னின்று நடத்துவோர் ஆசிரியர்களும் களப்பணியாளர்களுமே. ஆகவே, “நான் கருவுற்றிருக்கிறேன், இதை நானும் செய்யலாமா?” என்னும் கேள்வியும் அவர்களிடமே வந்து சேருகிறது.

இக்கேள்விக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. யோகம் நம் முன்னோர் கண்டது, ஆதலால் அதனால் எவருக்கும் தீங்கு நேராது என்பது ஒன்று. கருவுற்றவள் உடலை அசைப்பதே ஆபத்து, ஆதலால் பிரசவம் முடியும்வரை எதுவும் வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டும் சொல்வதற்கு எளியவை. இரண்டும் ஆராய்ச்சிக்கு நில்லாதவை. எந்தப் பெண்ணுக்கு, எந்த மாதத்தில், எந்தப் பயிற்சி, எப்போது நிறுத்துவது என்னும் நான்கையும் கூறாத அறிவுரை அறிவுரையே ஆகாது என்பதும், அந்நான்கினுள்ளும் விலக்க வேண்டியவற்றையே முதலில் கூற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பழைமையும் அளவையும்

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். ஹடயோகத்தின் முக்கிய நூலாகிய ஹடயோக பிரதீபிகை 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது உலகப் பற்றை நீக்கிச் சாதனையில் ஈடுபட்டவனை நோக்கி எழுதப்பட்டது. கர்ப்பிணிக்குரிய பயிற்சி முறை எதனையும் அது வகுக்கவில்லை. மகளிர்க்கென, கர்ப்ப காலத்தையும் கருத்திற் கொண்டு ஆசனங்களை மாற்றி வகுத்தது பெரிதும் 20ஆம் நூற்றாண்டின் பணியாகும். கீதா ஐயங்கார் 1983இல் வெளியிட்ட மகளிர் யோக நூல் அவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அதற்கு முன்பே, 1924இல், சுவாமி குவலயானந்தர் லோணாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சியின் விளைவுகளைக் கருவிகளால் அளந்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். பழைமையை மதிப்பவரும் அளந்தறிதலை வெறுக்கத் தேவையில்லை என்பதற்கு இந்நிறுவனமே சான்று.

இரண்டாம் விடையும் அவ்வாறே தளர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவத் தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்செயல்பாட்டில் ஈடுபடுதல் நன்று. மென்மையாக உடலை நீட்டும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். “மருத்துவத் தடை ஏதும் இல்லாத” என்னும் அடைமொழியை மட்டும் நாம் எவ்விடத்தும் விட்டுவிடலாகாது.

யோகத்தைப் பற்றியே நடந்த இரு ஆய்வுகளைக் குறிப்பிடலாம். பெங்களூரில் விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 335 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகப் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் நாளுக்கு இருமுறை அரை மணி நேர நடையும் மேற்கொண்டனர். யோகப் பிரிவில் 2,500 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகளைப் பெற்றோர் மிகுதியாகவும், குறைமாதப் பிரசவ வலி கண்டோர் குறைவாகவும் இருந்தனர். எனினும் அப்பிரிவினைகள் குலுக்கல் முறையில் அமைந்தவை அல்ல. ஆகவே வேறுபாடு முழுவதும் யோகத்தால் விளைந்தது என்று அறுதியிட்டுரைக்க இயலாது. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 35 முதல் 37 வாரக் கர்ப்பமுடைய 25 பெண்கள் 26 ஆசன நிலைகளைச் செய்தபோது தாய்க்கோ சிசுவின் இதயத் துடிப்புக்கோ தீங்கு காணப்படவில்லை. ஆயின் அவர்கள் யாவரும் சிக்கல் ஏதுமற்ற கர்ப்பமுடையோர். கருவிகளின் கண்காணிப்பில் பயிற்சி செய்தோர். அம்முடிவைச் சோகை பிடித்து, பரிசோதனையும் பெறாத ஒரு பெண்ணுக்கு அப்படியே பொருத்துதல் விஞ்ஞான நெறி ஆகாது.

உடலில் நிகழும் மாறுதல்கள்

காரணத்தை அறிந்தவரே விதியை நினைவிற் கொள்வர். ஆகவே காரணங்களைச் சுருக்கமாகக் கூறுவோம்.

கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் கன அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை உயருகிறது. இதயத்தின் வேலை மிகுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை ஏறக்குறைய 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் தங்கும் காற்று குறைகிறது. உடலுக்கு வேண்டிய பிராணவாயுவோ கூடுகிறது. இந்நிலையில் மூச்சை அடக்கினால் இரத்தத்திலுள்ள பிராணவாயு விரைவில் தாழும். கும்பகத்தைக் கர்ப்பிணிகள் விலக்க வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படை.

மல்லாந்து படுக்கும்போது கனத்த கருப்பை, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, தலைசுற்றலும் வியர்வையும் மயக்கமும் உண்டாகலாம்; கருப்பைக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். முதல் மூன்று மாதங்களுக்குப் பின் மல்லாந்த நிலையில் பயிற்சி வேண்டாம் என்று மேற்கூறிய உலக வழிகாட்டுதலும் கூறுகிறது. ஆகையால் சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் ஓய்வாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேலும், இக்காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே வளர்வதால் உடலின் சமநிலையும் மாறுகிறது. உடல் வழக்கத்தைவிட நன்றாக வளைவதைத் தேர்ச்சியின் அறிகுறியாகக் கொண்டு மேலும் வளைக்க முயல்வது காயத்திற்கு வழியாகும்.

மூன்று தரங்கள்

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எனக்கு இவ்விடத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. “முடிந்தவரை தவிர்க்கவும்” என்னும் தொடர் நம் பிரசுரங்களில் தாராளமாக வழங்குகிறது. மருத்துவர் அறவே கூடாது என்று கருதியதும், சிறிது மாற்றிச் செய்யலாம் என்று கருதியதும் இவ்வொரு தொடருக்குள் ஒன்றாகிவிடுகின்றன. படிப்பவள், தன்னால் முடிந்தால் செய்யலாம் போலும் என்று எண்ணுவாள். ஆகவே பயிற்சிகளை மூன்று தரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை உறுதியாக வழங்குதல் நலம் என்பது என் அபிப்பிராயம்.

“கூடாது” என்பது முதல் தரம். மூச்சை அடக்கும் கும்பகம், வயிற்றை விரைந்து உள்ளிழுக்கும் கபாலபாதி, பஸ்திரிகா, உட்டியாணம், நௌலி, புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் முதலிய குப்புறப் படுத்துச் செய்பவை, சிரசாசனம், சர்வாங்காசனம் முதலிய தலைகீழ் நிலைகள், வயிற்றை நெருக்கி முறுக்குபவை, வெப்பமும் புழுக்கமும் மிகுந்த இடத்தில் செய்யும் எப்பயிற்சியும் இதில் அடங்கும்.

“மாற்றிச் செய்க” என்பது இரண்டாம் தரம். தாடாசனத்தைச் சுவரருகில், பாதங்களைச் சற்றே அகற்றி, குதிகாலை உயர்த்தாமல் செய்யலாம். முன்குனிதலை நாற்காலியைப் பற்றிக்கொண்டு, வயிற்றுக்கு இடம் விட்டுச் செய்யலாம். சவாசனத்தின் மாற்றத்தை மேலே கூறினோம்.

“செய்யலாம்” என்பது மூன்றாம் தரம். கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றை மெல்ல இயக்குதல், உட்கார்ந்து பாதங்களைச் சேர்க்கும் பத்தகோணாசனம், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிச் செய்யும் மார்ஜரி ஆசனத்தின் மென்மையான வடிவம், அடக்குதல் இன்றி இயல்பாக மூச்சு விடும் நாடி சுத்தி, பிராமரி, அமைதியாக அமர்ந்திருத்தல் ஆகியன இதில் சேரும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவே அளவு. பேச்சுத் திணறினால் அளவு மீறிவிட்டது என்பது பொருள்.

“பிராணாயாமம் செய்யுங்கள்” என்று பொதுப்படக் கூறுவதையும் கைவிட வேண்டும். நன்மை தரும் மெதுவான மூச்சும், விலக்க வேண்டிய கும்பகமும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பயிற்சியின் பெயரைச் சொல்லி, செய்தும் காட்டிய பின்னரே அறிவுரை முற்றுப்பெறும்.

பயிற்சியே வேண்டாத நிலைகள்

இம்மூன்று தரங்களுக்கும் முன்னே நிற்பது ஒரு கதவு. கர்ப்ப கால இரத்த அழுத்த உயர்வு, கடுமையான இரத்த சோகை, குறிப்பிடத்தக்க இதய அல்லது நுரையீரல் நோய், தொடர்ந்த இரத்தப் போக்கு, கருப்பையின் வாயை நஞ்சு மறைத்திருத்தல், கருப்பை வாய்த் தளர்ச்சி, இக்கர்ப்பத்திலேயே குறைமாத வலி கண்டிருத்தல், பனிக்குடம் உடைந்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின், மருத்துவர் அனுமதியின்றி எப்பயிற்சியும் தொடங்கலாகாது. இரட்டைக் கரு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இவற்றுள் பல வெளிப்பார்வைக்குத் தெரியாதவை. ஆதலின் கர்ப்பப் பரிசோதனை பெறாத பெண்ணுக்கு முதலில் தர வேண்டியது பரிசோதனைக்கு வழிகாட்டுதலே.

பயிற்சியின் நடுவே இரத்தக் கசிவு, நீர் வடிதல், வயிற்று வலி, விட்டுவிட்டு வரும் இறுக்கம், தலைசுற்றல், கடுந்தலைவலி, மார்பு வலி, முயற்சிக்கு முன்பே மூச்சு வாங்குதல், கெண்டைக்காலில் வலி அல்லது வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி, மருத்துவ உதவியை நாட வேண்டும். சிசுவின் அசைவு குறைந்தாலும் அவ்வாறே. “சிறிது ஓய்வெடுத்துப் பார்ப்போம்” என்னும் வழக்கத்திற்கு இங்கே இடமில்லை. இக்குறிகளைக் கணவரும் மாமியாரும் உடனிருக்கும்போது சொல்லி வைப்பது நன்று. இரவில் வண்டி அழைப்பவர் அவர்களே.

கூட்டுப் பயிற்சியில் கடமை

ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோக நெறிமுறை பொதுமக்கள் யாவருக்கும் என வகுக்கப்பட்டது. அதில் புஜங்காசனமும் சலபாசனமும் கபாலபாதியும் உண்டு. கர்ப்பிணிகள் நிபுணரைக் கேட்டே செய்ய வேண்டும் என்னும் எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. ஆயின் ஏட்டில் அச்சிட்ட எச்சரிக்கை, மைதானத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணின் செவிக்குத் தானே எட்டாது. கருவுற்ற ஆசிரியையோ அங்கன்வாடிப் பணியாளரோ பலர் முன்னிலையில் தம் நிலையை வெளியிடக் கூசி, எல்லோருடனும் சேர்ந்து செய்துவிடுவதும் கூடும். ஆகவே முதல் ஆசனத்திற்கு முன்பே, எவரையும் பெயர் சுட்டாமல், கர்ப்பிணிகள் செய்ய வேண்டாதவை இவை, அவ்வேளையில் நாற்காலியில் அமர்ந்து மெதுவாக மூச்சு விட்டிருக்கலாம் என்று உரக்க அறிவித்தல் வேண்டும். இதற்கு ஒரு நிமிடமே ஆகும். நாற்காலிகளை முன்னதாகவே போட்டு வைப்பதும் நடத்துவோர் கடமை.

யோகம் மாற்று மருந்து அன்று

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் 52.2 சதவீதத்தினர் இரத்த சோகை உடையோர். 2018–20இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 97 தாய்மார் என்னும் விகிதத்தில் மகப்பேற்று மரணம் பதிவாயிற்று. 2004–06இல் அது 254ஆக இருந்தது. இவ்வீழ்ச்சி பெரிது. மிகுதியான இரத்தப் போக்கு, இரத்த அழுத்தம், தொற்று ஆகியவையே இன்னும் தாய்மாரின் உயிருக்கு முக்கிய அபாயங்கள். இவற்றுள் எதனையும் ஆசனம் குணப்படுத்தாது.

ஆதலால் பயிற்சியைப் பற்றிப் பேசப் புகும் களப்பணியாளர், தாய் சேய்ப் பாதுகாப்பு அட்டையை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் அளவும் இரத்த அழுத்தமும் அதில் பதிவாகியுள்ளனவா? 180 நாட்களுக்கு உண்ண வேண்டிய இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் உண்ணப்படுகின்றனவா? 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில், நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. யோகத்தைப் பற்றிய ஐயத்தையும் அன்றே மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டு, நீர் சுமந்து, அடுப்படியில் நின்றவளுக்கு உடல் உழைப்பில் குறைவில்லை. குறைவாக இருப்பது உணவும் ஓய்வும். நகரத்துப் பிரசுரத்தில் உள்ள ஒரு மணி நேரப் பயிற்சியை அவள்மீது மற்றொரு கடமையாகச் சுமத்துவது பொருந்தாது. பகலில் சிறிது நேரம் இடப்பக்கம் சாய்ந்து, அமைதியாக மூச்சு விட்டு ஓய்வு கொள்வதற்கு வீட்டாரின் இசைவைப் பெற்றுத் தருவதே அவளுக்கு ஏற்ற முதற் பயிற்சியாகும்.

அடுத்த ஜூன் மாதத்திற்கு முன் ஒவ்வொரு பள்ளியும் அங்கன்வாடியும் “கூடாது”, “மாற்றிச் செய்க”, “செய்யலாம்” என்னும் மூன்று பத்திகளை ஒரு தாளில் எழுதி, நிறுத்த வேண்டிய குறிகளை அதன் தலைப்பிலேயே இட்டு, அவ்வட்டார மருத்துவ அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற்றுச் சுவரில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.