எண்ணினது நான், கத்துக்கிட்டது யார்?

திண்டிவனத்துல எங்க தெருவுல ஒரு அண்ணா இருக்கார். முப்பது தாண்டினவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர். சிறப்புப் பள்ளி முடிஞ்சதுல இருந்து அவருக்கு உலகம்னா டிவிதான்.

தினமும் சாயங்காலம் நான் போய் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருப்பார். செமஸ்டர் வந்தது, நான் போகல. அவரும் செய்யல. அப்போதான் உறைச்சது: நான் பயிற்சி செய்ய வெச்சேனே தவிர, கத்துக் கொடுக்கல.

மறுபடி ஆரம்பிச்சோம். அதே பயிற்சி, நாலு படி, சுவத்துல நாலு படம். செஞ்சு காட்டினேன், சேர்ந்து செஞ்சேன், அப்புறம் மெல்ல விலகினேன். அவருக்கு எண்ண வராது. அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவுல போடுவார். பத்தும் தீர்ந்தா முடிஞ்சது. ரெண்டு மாசம் ஆச்சு. இப்போ அவரே ஆரம்பிக்கிறார், அவரே நிறுத்துறார்.

"இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேட்கறீங்களா? மாற்றுத்திறனாளிப் பெரியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிஷம் உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிடுச்சு. 1968ல தொடங்கின ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல வயசுக்கு உச்ச வரம்பே கிடையாது. ஆனா விழுப்புரம் மைதானத்துல காலையில நடக்கறவங்கள்ல இவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?

உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பார். நீங்க போகாத நாள்லயும் அவர் செய்யணும். அந்த மாதிரி சொல்லிக் கொடுங்க.