டிராக்டருக்கு டிராக்டர் வேறு கப்ளரா?



டிராக்டர் வாங்கப் போகிறவரிடம் நம் ஊரில் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" அடுத்த கேள்வி, "டீசல் எவ்வளவு குடிக்கும்?" பின்பக்கம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஹைட்ராலிக் கப்ளரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "அட, அதுல என்னப்பா இருக்கு, மாட்டுனா மாட்டும்!" என்பார்கள். மாட்டாதபோதுதான் அதன் அருமை தெரியும்!

ஒரு சிறு டிராக்டரின் பின்புறத்தைச் சற்றே கவனியுங்கள். கருவிகளோடு சேர அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மும்முனை இணைப்பு. ஹாரி பெர்குசன் உருவாக்கி, 1939-ல் போர்டு டிராக்டரோடு பரவிய இந்த ஏற்பாடு இன்று ஐ.எஸ்.ஓ. 730 என்ற தரத்துக்குள் வந்துவிட்டது. முதல் வகை இணைப்பு என்றால் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. எந்தக் கம்பெனிக் கலப்பையும் எந்தக் கம்பெனி டிராக்டரிலும் ஏறிவிடும். இரண்டாவது, பி.டி.ஓ. தண்டு. 35 மி.மீ. விட்டம், 6 பல், நிமிடத்துக்கு 540 சுற்று. ரோட்டவேட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறார்.

மூன்றாவது வழிதான் எண்ணெய் வழி. இதற்கும் தரம் இல்லாமல் இல்லை. விவசாய டிராக்டர்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 5675 இருக்கிறது. டிராக்டரில் பெண் முனை, கருவியில் ஆண் முனை என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் களத்தில் நடப்பது என்ன? "ஸ்டாக்ல எது இருக்கோ அது!" இதுதான் நடைமுறை.

இந்தக் கப்ளர் நேற்று வரை நமக்கு அவ்வளவு அவசியமில்லை என்பது உண்மைதான். உழவுக்கு லிப்ட் கைகளே போதும். இன்று நிலைமை வேறு. டிப்பர் டிரெய்லருக்கு ஒரு ஹோஸ். ரிவர்சிபிள் கலப்பைக்கு இரண்டு ஹோஸ். முன்பக்க லோடர் போட்டால் நான்கு. லேசர் லெவலரும் ஹைட்ராலிக்கை நம்பியே நிலத்தை மட்டம் செய்கிறது. போதாக்குறைக்கு, வாடகைக் காலம் இது! காலையில் ஒருவர் டிரெய்லர், மாலையில் இன்னொருவர் கலப்பை என்று ஒரே டிராக்டர் ஊர் சுற்றுகிறது. ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு கப்ளர் காத்திருந்தால் டிரைவர் அண்ணன் என்ன செய்வார்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். கால் அங்குலம், மூன்று எட்டாங்குலம், அரை அங்குலம் என்று அளவிலேயே மூன்று. ஐ.எஸ்.ஓ. 7241-ல் ஏ வரிசை, பி வரிசை என்று இரண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றோடொன்று சேராது. இவை போக, தட்டை முகக் கப்ளர் தனி ஜாதி.

மரையின் கதையோ இன்னும் வேடிக்கை! அரை அங்குல பி.எஸ்.பி. மரைக்கும் அரை அங்குல என்.பி.டி. மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60 டிகிரி. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். "செட் ஆயிடுச்சு" என்று டெப்லான் டேப்பைச் சுற்றி இறுக்குவார்கள். லோடு ஏறியதும் கசியும்.

சரி, சேராவிட்டால் அடாப்டர் போடலாமே என்பீர்கள். போடலாம். லேத்துப் பட்டறையில் ஒன்றைக் கடைந்தும் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் ஒரு புதிய கசிவு இடம்; அழுத்தத்தைக் கொஞ்சம் தின்கிற ஒரு புதிய தடை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்!

காசு போனால் போகட்டும், கை போனால்? சிறு டிராக்டரிலும் எண்ணெய் 150 பார், 200 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசித் துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். கழற்றிப் போட்ட ஹோஸ் வெயிலில் கிடந்தால் உள்ளே அடைபட்ட எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறும், கப்ளர் மாட்டாது. அளவு தப்பான கப்ளரும் மாட்டாது. இரண்டுக்கும் நம் ஆட்களிடம் ஒரே வைத்தியம்... சுத்தியல்! அரைகுறையாக மாட்டிய கப்ளர் அதைவிட மோசம். திரும்பும் வழி அடைபட்டால், சிலிண்டரின் ராடு பக்க அழுத்தம் பம்பின் அழுத்தத்தையே மிஞ்சிவிடும்.

ஒரு கப்ளருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆள் இருந்தது, தண்ணீர் இருந்தது, ஹோஸும் இருந்தது. ஆனால் வெளியூர் ஹோஸ் உள்ளூர்க் குழாயில் மாட்டவில்லை! 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து போயின. பிறகு கணக்கெடுத்தபோது, அந்த நாட்டில் 600-க்கும் மேற்பட்ட விதமான ஹோஸ் இணைப்புகள் இருந்தது தெரியவந்தது. இணைப்பு என்பது இரும்புத் துண்டு மட்டுமல்ல, நண்பர்களே! அது பலரும் சேர்ந்து செய்துகொள்கிற ஒரு உடன்படிக்கை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். டிராக்டரின் பின்புறத்துக்கு அரை அங்குல ஏ வரிசை ஒன்றே போதும். ஐ.எஸ்.ஓ. 5675 சொல்வதும் இந்த அளவைத்தான். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால் 12.5 மி.மீ. துளையில் எண்ணெயின் வேகம் விநாடிக்குச் சுமார் 4 மீட்டர். அழுத்தக் குழாய்க்கு இது அளவான வேகம். 10 மி.மீ. துளையாக இருந்தால் 6 மீட்டரைத் தாண்டிவிடும், எண்ணெய் சூடேறும். பெரிய டிராக்டர்களிலும் இதே அளவு பரவலாக இருப்பதால், பக்கத்துக்காரர் டிராக்டரை இரவல் வாங்கினாலும் நம் டிப்பர் தூக்கும்.

"தட்டை முகம் அதைவிட நல்லதாச்சே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐ.எஸ்.ஓ. 16028 தட்டை முகக் கப்ளரில் எண்ணெய் சிந்துவது மிகக் குறைவு. முகத்தைத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் சுத்தம். ஏ வரிசையின் குழிக்குள் புழுதி தங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அதன் விலை அதிகம்; கிராமத்துக் கடையில் அவசரத்துக்குக் கிடைப்பதும் அரிது. ஆகவே முன்பக்க லோடர் வைத்திருப்பவர் அதற்கு மட்டும் தட்டை முகம் போடட்டும். பின்புறத்துக்கு ஏ வரிசை. இந்த இரண்டு குடும்பம் போதும். மூன்றாவதை வீட்டுக்குள் விட வேண்டாம்! புழுதிக்கு மருந்து ரப்பர் மூடி. அதைச் சங்கிலியோடு போட்டு, கழற்றியதும் மூடினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

"ஏற்கெனவே மாட்டியதையெல்லாம் பிடுங்கி எறியச் சொல்றியா?" என்று விவசாயி கேட்டால் அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வேண்டாம். ஹோஸ் எப்படியும் ஒருநாள் தேயும், வெடிக்கும். மாற்றுகிற அன்று புதிய முனையைத் தரமாகப் போட்டுக்கொள்ளட்டும். மாறுகிற காலம் வரை அடாப்டர் இருக்கட்டும். அதுவே குடித்தனம் ஆகிவிடக் கூடாது.

இதைச் செய்ய வேண்டியவர்கள் யார்? கம்பெனியா? அரசாங்கமா? அவர்களும்தான். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலும், சர்வீஸ் சென்டரிலும், வாடகை மையத்திலும், லேத்துப் பட்டறையிலும் நாளை நிற்கப் போவது நாம்தான். "எது வேணும்?" என்று கேட்கிற இடத்திலும், "இதைப் போடுங்க" என்று சொல்கிற இடத்திலும் டிப்ளமோக்காரன்தான் இருக்கிறான். தர எண்ணைப் பார்க்காமல் ஒரு முனையைக்கூட விற்க மாட்டேன், மாட்ட மாட்டேன் என்று நாம் முடிவெடுத்தால் போதாதா?

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறோமே! சொந்த ஊரில் பத்து டிராக்டரையும் பத்து டிரெய்லரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெர்னியர், மரை அளவி, ஒரு நோட்டு போதும். எதில் என்ன கப்ளர், என்ன மரை, எது எதோடு சேரும் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஏற்றும் வழிக்கு ஒரு நிறம், இறக்கும் வழிக்கு ஒரு நிறம் என்று வளையம் மாட்டிக் கொடுங்கள். கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தைப் போக்க வேண்டும் என்பதை டிரைவர்களுக்குச் செய்து காட்டுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பைண்டு செய்து அலமாரியில் தூங்குகிற புராஜெக்டைவிட, ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டிய அந்த ஒற்றைத் தாள் அதிகம் உழைக்கும்.

மும்முனை இணைப்பிலும் பி.டி.ஓ.விலும் உலகம் ஒத்துப் போய்விட்டது. இந்த அரை அங்குலத்தில் நம் ஊர் ஒத்துப் போவது நம் கையில் இருக்கிறது.

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை