பாரம்பரிய இடங்களுக்கு ஆண்டு மெம்பர்ஷிப் லாபமா? பொன்னேரியிலிருந்து ஒரு கணக்கு

போன டிசம்பரில் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். பொன்னேரி எங்க ஊர். அங்கிருந்து பைக்கில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டச்சுக் கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூடு சிலைகளோடு செல்ஃபி, ஏரிக்கரையில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் டிரிப். நடுவில் பாத்ரூம் தேடி அலைந்தபோது, மீனவர் குடியிருப்பில் ஒரு அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து செலவைப் பிரித்துப் பார்த்தோம். பெட்ரோல், பொன்னேரியில் பிரியாணி, ஜூஸ். பழவேற்காட்டில் நாங்கள் ஐந்து பேரும் செலவழித்தது ஐந்து டீயும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும்தான்.

லண்டனில் படித்துவிட்டு வந்த தோழி அப்போது கேட்டாள்: "அங்க நேஷனல் டிரஸ்ட் மெம்பர்ஷிப் வெச்சிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவ கட்டிட்டா எத்தன தடவ வேணும்னாலும் போலாம். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையா?"

சம்பளத்தில் பாதி வாடகைக்கும் இஎம்ஐக்கும் போகிற நமக்கு இது முக்கியமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மால், சினிமா என்று ஆகிவிட்டது. இரண்டுமே பர்ஸைக் காலி செய்கின்றன. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிவு நான் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை.

வெளிநாட்டில் ஏன் லாபம்?

பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் 1895-ல் தொடங்கியது. பழைய மாளிகைகள், தோட்டங்கள், கடற்கரைகள் எனப் பலவற்றைப் பராமரிக்கிறது. 50 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சந்தா கட்டினால் நுழைவு இலவசம், அவர்களுடைய பார்க்கிங்கும் இலவசம். அங்கே பெரிய மாளிகை ஒன்றுக்கு ஒருமுறை போகவே 15 பவுண்டுக்கும் மேல் ஆகும் என்பதால், வருஷத்துக்கு ஆறேழு முறை போனாலே சந்தாப் பணம் திரும்பி வந்துவிடும்.

நெதர்லாந்தில் 'மியூசியம் கார்ட்' இருக்கிறது. ஒரே அட்டையில் 400-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்குள் போகலாம். நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாடு அது.

இரண்டிலும் சூத்திரம் ஒன்றுதான்: ஒருமுறை டிக்கெட் விலை அதிகம், போவதற்கு இடங்கள் நிறைய. இது இருந்தால்தான் மெம்பர்ஷிப் லாபம்.

நம்ம ஊர் கணக்கு என்ன?

இந்தியத் தொல்லியல் துறை 2018-ல் நிர்ணயித்த கட்டணப்படி, உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டண இடங்களுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய். மற்ற கட்டண இடங்களுக்கு 25 ரூபாய். ரொக்கமாக இல்லாமல் டிஜிட்டலில் கட்டினால் 5 ரூபாய் குறையும். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

மாமல்லபுரத்தில் ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை மூன்றையும் பார்த்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் வழிபாடு நடக்கும் கோயில்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

இப்போது கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் ஐந்து இடங்களுக்குப் போகிறார்கள். இரண்டு 40 ரூபாய் இடம், மூன்று 25 ரூபாய் இடம். மொத்த நுழைவுச் செலவு 310 ரூபாய். டிஜிட்டலில் கட்டினால் 260. ஒரு வருஷத்துக்கு!

அப்படியென்றால் 500 ரூபாய்க்கு ஒரு மெம்பர்ஷிப் வந்தாலும், நுழைவுக் கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நஷ்டம். நம் அவுட்டிங்கில் பர்ஸைக் கரைப்பது டிக்கெட் இல்லை, போக்குவரத்தும் சாப்பாடும்தான். பொன்னேரியிலிருந்து மாமல்லபுரம் போக சென்ட்ரல் வரை மின்சார ரயில், அப்புறம் பஸ் என்று போய்வரும் செலவே டிக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

தனியார் அறக்கட்டளை நடத்தும் இடங்களில் கதை கொஞ்சம் வேறு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பெரியவர்களுக்கு டிக்கெட் 100 ரூபாய்க்கும் மேல். இதுபோன்ற இடங்களில் ஆண்டு மெம்பர்ஷிப் கிடைத்தால் யோசிக்கலாம். ஆனால் சேருவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. எத்தனை முறை போனால் காசு திரும்பும்? உதாரணத்துக்கு, டிக்கெட் 150, ஜோடிக்கான சந்தா 1,000 என்றால், நாலாவது முறை போகும்போதுதான் லாபம். போன வருஷம் நீங்கள் உண்மையில் எத்தனை முறை போனீர்கள்?

2. குழந்தைகளுக்கு ஏற்கெனவே இலவசமா? அப்படியென்றால் 'ஃபேமிலி பேக்' என்று கூடுதலாகக் கொடுப்பது எதற்கு?

3. உங்கள் லீவு நாளில் திறந்திருக்குமா? தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை.

4. பணம் எங்கே போகிறது? 1984-ல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பிலும் உறுப்பினராகலாம். ஆனால் அது நுழைவுச்சீட்டு அல்ல. பாரம்பரியப் பாதுகாப்பு வேலையில் பங்கெடுப்பது. தள்ளுபடிக்காகச் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

என்னைக் கேட்டால் இந்த நாலாவது கேள்விதான் முக்கியம். பழவேற்காட்டில் நான் கற்றுக்கொண்டதும் அதுதான்.

இலவசத்தின் விலை

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்குப் பல காலம் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் போனார்கள். மலேசியாவில் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான்.

ஒரு நாளில் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர் இது. டச்சுக் கல்லறை, கோட்டை இருந்த மேடு, ராமாயணச் சிற்பங்கள் உள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழல் கடிகாரம், போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயம். இவற்றோடு சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள்.

கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? முழுக்க அப்படிச் சொல்ல முடியவில்லை. டிக்கெட் இல்லாத இடத்தில் வழிகாட்டி இல்லை. உட்கார நிழல் இல்லை. அவசரத்துக்கு ஒரு பெண் போக இடம் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவது ஊர்க்காரர்களின் நல்ல மனசு. எங்களுக்கு நடந்தது அதுதான். ஊருக்கு வருகிறவர்களால் அந்த அக்காவுக்கு வருமானம் எதுவும் இல்லை, வேலை மட்டும்தான்.

இதைவிடப் பெரிய விலை ஒன்றும் கொடுத்திருக்கிறோம். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸுக்கு ஏரியில் படகு சவாரி போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள். அதன்பின் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிச் சவாரி நடப்பதாக அவ்வப்போது செய்தியும் வருகிறது. சட்டப்படி டிக்கெட் இருந்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ண ஒருவர் இருப்பார். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்க நமக்கும் உரிமை இருக்கும். திருட்டுத்தனமாகப் போகும் சவாரியில் இரண்டும் இல்லை.

ஹைவேக்கு முடியும் என்றால்...

2025 ஆகஸ்ட் 15-ல் நெடுஞ்சாலைகளுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் அறிமுகமானது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 பயணம். காரில் போகிறவருக்கு ஆண்டு பாஸ் கொடுக்க முடிந்த நாட்டில், மின்சார ரயிலில் போகிறவருக்கு ஒரு பாரம்பரிய பாஸ் கொடுப்பது பெரிய தொழில்நுட்பச் சவால் இல்லை.

என் யோசனை, பழவேற்காட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு குடும்பம் ஒருமுறை மல்டிப்ளெக்ஸ் போகும் செலவைத் தாண்டாத ஓர் ஆண்டு அட்டை. அதில் நுழைவை விற்கக் கூடாது, வசதியை விற்க வேண்டும். ஊர் இளைஞர்கள் கூட்டிப்போகும் நடைப்பயணம், சுத்தமான கழிப்பறை, பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து விடுமுறை நாள் மினி பஸ், மீனவப் பெண்கள் குழு சமைக்கும் இறால், நண்டுச் சாப்பாடு, பனை ஓலைப் பொருட்களுக்கு ஒரு கடை. படகு விட்டால் உரிமத்தோடு, ஆள் கணக்கோடு மட்டும். வருமானத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது என்று அட்டையிலேயே அச்சடிக்க வேண்டும்.

இதற்கு நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. எங்க அப்பாவே சொன்னார்: "டிக்கெட்னு ஒண்ணு வந்தா மொதல்ல நம்மளத்தான் வெளிய நிறுத்துவான்." அந்தப் பயம் சரிதான். ஏரி மீனவர்களுக்குப் பிக்னிக் ஸ்பாட் அல்ல, அவர்கள் வேலை செய்யும் இடம். எந்த நாளில் எந்தப் பகுதியில் யார் வலை போடலாம் என்பதற்கு அவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறையே இருக்கிறது. அதனால் ஏரிக்கரையும் கல்லறையும் எல்லோருக்கும் இன்று போலவே இலவசமாக இருக்கட்டும். படகு எங்கே போகலாம், எப்போது போகக் கூடாது என்பதை மீனவக் கிராமங்கள் முடிவு செய்யட்டும். வசதி வேண்டும் என்கிற நாம் காசு கொடுப்போம்.

அதுவரை என் பரிந்துரை இதுதான். குறைந்த செலவில் ஊர் சுற்றத்தான் மெம்பர்ஷிப் என்றால், பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை. டிஜிட்டலில் டிக்கெட் எடுங்கள், ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தில் இலவச அனுமதி அறிவிக்கிறார்களா என்று பாருங்கள், ரயிலில் போங்கள். மிச்சமாகும் காசில் கொஞ்சத்தைப் போகிற ஊரிலேயே செலவழியுங்கள்.

இந்தக் குளிர்காலம் நாங்கள் மறுபடி பழவேற்காடு போகிறோம். இந்த முறை மதியச் சாப்பாடு பொன்னேரியில் இல்லை. அந்த அக்காவிடமே கேட்டுவிட்டோம். ஐந்து பேருக்குச் சமைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், இந்த முறை காசு வாங்கிக்கொள்வார் என்ற நிபந்தனையோடு.