ஒரு வரி எழுதலாகாதா?

பார்வையற்றவர் கம்ப்யூட்டரில் எப்படிப் படிக்கிறார்? திரையிலுள்ள எழுத்துக்களை ஒரு மென்பொருள் குரலாக மாற்றி அவர் காதில் சொல்லுகிறது. ஒரு காலத்தில் அதன் விலை சாமானியருக்கு எட்டாததாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர், 2006-ல் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ‘என்.வி.டி.ஏ.’ என்னும் அது எல்லோருக்கும் இலவசம். பல நாட்டுத் தொண்டர்கள் அதைத் தத்தம் மொழிக்குக் கொண்டுவந்தனர்; தமிழும் அவற்றில் ஒன்று.

ஆனால், காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தும் இணையதளம் வாய் திறக்காவிட்டால் என்ன பயன்? படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால் ‘படம்’ என்று மட்டுமே காதில் விழும். பெயரிடாத பொத்தான் வெறும் ‘பொத்தான்’தான். அழுத்தினால் பணம் போகுமா, ரத்தாகுமா என்று அவர் எப்படி அறிவார்?

இதற்கான விதிமுறைகள் 1999-லேயே சர்வதேச அளவில் வெளியாகிவிட்டன. எவரும் காசில்லாமல் படிக்கலாம். இந்தியாவின் 2016-ம் ஆண்டுச் சட்டமும் இந்த வசதியை வற்புறுத்துகிறது. இது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

கருவியைக் கண்ணில்லாதவரே செய்துகொண்டார். கண்ணுள்ளவர் படத்துக்கு ஒரு வரி எழுதலாகாதா?