நிற்பவருக்கு ஒரு ஸ்டூல்



அம்பத்தூரில் ஐ.டி. நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதில் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்கின்றனவாம். பட்டனை அழுத்தினால் உயரும் அந்த மேசைகளை இப்போது சில அலுவலகங்களில் பார்க்கிறோம். வீட்டுக்கு வாங்குவதென்றால் விலைதான் யோசிக்க வைக்கிறது. அவருக்குச் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்லத் தோன்றியது.

மேசை வாங்குவதற்கு முன், இருக்கிற மேசையை ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். நம் கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், அவருடைய முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மேசை மேல் இருக்கும் கீபோர்டைத் தொட அவர் தோளைத் தூக்கியே ஆகவேண்டும். காலையில் தூக்கிய தோள் சாயங்காலம்வரை இறங்குவதில்லை. கழுத்து வலி அங்கேதான் பிறக்கிறது. நாற்காலியை உயர்த்திக்கொண்டால் கை சரியாகும், ஆனால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். அதற்குப் பாதத்தின் கீழே சற்று உயரமான ஒரு மணைப்பலகை போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் மட்டும் இது நடக்காது. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டுப்போகும். லேப்டாப்பை நான்கு தடிமனான புத்தகங்களின் மேல் ஏற்றிவிட்டு, தனி கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் செலவு அதற்குத்தான்.

நின்று வேலை செய்யும்போதும் முழங்கைதான் கணக்கு. இது அம்பத்தூருக்குப் புதிய பாடம் இல்லை. 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் இது பழகிய விஷயம். லேத்தின் மையம் அதை ஓட்டுபவரின் முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழைய விதி. ஆள் குட்டையாக இருந்தால் காலுக்கடியில் மரப்பலகை போடுவார்கள். ஐந்தடிப் பெண்ணுக்கு நின்று டைப் செய்ய ஏறக்குறைய 90 செ.மீ. உயரம் வேண்டும். நம் சமையலறை மேடை அதற்கு மிக அருகில் வருகிறது. போன் பேசவும், அச்செடுத்த தாள்களைப் படிக்கவும் அங்கே போய் நின்று பாருங்கள். ஒத்துவந்தால் பிறகு மேசையைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கியவர்களும் நாள் முழுக்க நிற்கவேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்வதை ஆராய்ந்த ஆலன் ஹெட்ஜ், ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 20 நிமிடம் உட்காருங்கள், 8 நிமிடம் நில்லுங்கள், 2 நிமிடம் நடமாடுங்கள் என்கிறார். நிற்பதற்கு எட்டே நிமிடம்! காரணம் கெண்டைக்கால் தசையில் இருக்கிறது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், பாதம் வீங்கும், ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்கு வெரிகோஸ் வெயின் வரும் ஆபத்து கூடும். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் வெறுமனே நின்றவர்கள் இல்லை, நாளெல்லாம் படியேறியவர்கள்.

இதை எழுதும்போது பூந்தமல்லியிலும் ஆவடியிலும் துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நிற்கும் பெண்கள்தான் மனதில் வந்தார்கள். அவர்களுக்காக ஒரு சட்டமே இருக்கிறது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தால், 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. அங்கே கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துவந்த விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் கடைப் பெண்களைத் திரட்டி நெடுநாள் போராடினார்கள். தொழிற்சாலைகளுக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை கேட்டது.

இத்தனைக்குப் பிறகும், ஆள் இல்லாத நேரத்தில்கூட ரேக்கில் சாய்ந்து கால் மாற்றி நிற்கும் பெண்களைப் பார்க்கிறோம். வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் கடைக்காரர்களுக்கு இருக்கிறது. நம்மைக் காரணமாக வைத்துத்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள் என்றால், அதை மாற்றும் பொறுப்பும் நமக்கு உண்டு. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்து நிற்க எட்டு நிமிடம் எவ்வளவு அவசியமோ, நின்றே இருப்பவருக்கு உட்காரும் எட்டு நிமிடம் அதைவிட அவசியம். அவர்களுக்கு மோட்டார் வைத்த மேசை வேண்டாம். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டால் போதும்.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் முதலாளியிடம், “அவங்க உட்கார்ந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் குறையில்லைங்க, ஒரு ஸ்டூல் போடுங்க” என்று சொல்லுங்கள். எந்தக் கடையில் போட்டார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள். அந்தக் கடையின் பெயரை மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்