புதன்கிழமை வழக்குகளுக்கும் முதலிடம் வேண்டும்

நியூயார்க் நகரின் தென்கோடியில், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, பேர்ல் தெரு 54-ஆம் எண்ணில் ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. ஸ்டீபன் டிலான்சி என்ற வணிகர் 1719-இல் கட்டிய வீடு அது. 1762-இல் சாமுவேல் ஃபிரான்சஸ் அதை விலைக்கு வாங்கி மதுவிடுதி ஆக்கினார். குடிக்க வந்தவர்களோடு அரசியலும் வணிகமும் உள்ளே நுழைந்தன.

நியூயார்க் வணிகர் சங்கம் 1768-இல் அங்கேதான் பிறந்தது. 1775-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கிக் குண்டு அதன் கூரையைத் துளைத்தது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்ததும், 1783 டிசம்பர் 4 அன்று, மாடியிலுள்ள நீண்ட கூடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் தளபதிகளைக் கட்டித் தழுவி, கண்ணீர் மல்க விடைபெற்றார். கட்டடத்தின் புகழ் இன்றுவரை அந்த ஒரு நாளின் மீதே நிற்கிறது.

ஆனால் அதே ஆண்டு மே முதல் நவம்பர் வரை, புதன்கிழமைதோறும் அதே விடுதியில் வேறொரு கூட்டம் நடந்தது. தப்பி வந்து தங்கள் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகப் போரின்போது பிரிட்டிஷார் வாக்களித்திருந்தனர். தோற்று வெளியேறும் வேளையில் அமெரிக்க உரிமையாளர்கள் அவர்களைத் திருப்பிக் கேட்டார்கள். வாஷிங்டனும் கேட்டார். பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் மறுத்துவிட்டார். சிக்கலான வழக்குகளை இரு நாட்டு அதிகாரிகளும் இந்த விடுதியில் விசாரித்தனர். பிரிகேடியர் சாமுவேல் பர்ச்சின் பெயரில் வழங்கப்பட்ட ஒரு துண்டுச் சான்றிதழ்தான் விடுதலைக்கும் விலங்குக்கும் இடையே நின்றது.

அப்படிக் கப்பலேறியவர்களின் பதிவேட்டில் சுமார் 3,000 பெயர்கள் உள்ளன. அவற்றில் ஒன்று ஹாரி வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பியவர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், பின்னர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். எஜமானர் இந்த விடுதியில் விடைபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பே ஹாரி நியூயார்க்கை விட்டுக் கப்பலேறிவிட்டார்.

இந்தக் கட்டடத்தில் எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அது பலமுறை தீப்பிடித்தது. கூடுதல் மாடிகள் ஏறின. பழைய உருவம் அடையாளம் தெரியாமல் போனது. புரட்சியின் புதல்வர்கள் என்ற அமைப்பு 1904-இல் அதை வாங்கியது. கட்டடக் கலைஞர் வில்லியம் மெர்செரோ 1907-இல் முடித்த மறுசீரமைப்பில் ஊகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஆக, இன்று பார்வையாளர் காணும் சுவர்களில் பெரும்பாலானவை வாஷிங்டனையும் கண்டதில்லை, வழக்காட வந்தவர்களையும் கண்டதில்லை. அங்கே உண்மையில் பாதுகாக்கப்படுவது நினைவுதான். அந்த நினைவில் தளபதிகளின் கண்ணீருக்கு மட்டும் முதலிடம் கொடுப்பது நியாயமல்ல.

மாடியிலுள்ள அருங்காட்சியகம் அண்மை ஆண்டுகளில் அந்த விசாரணைகளுக்கெனத் தனிக் கண்காட்சி அமைத்தது பாராட்டுக்குரியது. அதோடு நின்றுவிடக் கூடாது. கீழே உணவகமும் மதுக்கூடமும் இன்றும் இயங்குகின்றன; உண்ணவும் பருகவும் வருபவர்களில் பலர் மாடி ஏறுவதில்லை. வாசலில் வாஷிங்டனின் பெயர் இருக்கும் இடத்திலேயே, அதே அளவு எழுத்தில், ஹாரி வாஷிங்டனின் பெயரும் புதன்கிழமை விசாரணைகளின் செய்தியும் இடம்பெற வேண்டும்.